பள்ளியில் ஆட்கடத்தல் தடுப்புப் பாடம்: வகுப்பறைக்கு வராத குழந்தையை யார் தேடுவது?

1999ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கார்பன் மோனாக்சைடு வாயு பரவியதில் 17 வயது இந்தியச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். அவருடன் இருந்த 15 வயதுத் தங்கை உயிர் பிழைத்தார். அறையைச் சூடேற்றும் கருவியின் புகைபோக்கி அடைபட்டிருந்ததே விபத்துக்குக் காரணம் என்று தெரியவந்தது.

அன்று அவ்வழியே காரில் சென்றுகொண்டிருந்த ஒரு பெண், சிலர் கனமான கம்பளச் சுருள் ஒன்றைத் தூக்கிச் செல்வதையும், அழுதுகொண்டிருந்த மற்றொரு சிறுமியை வாகனத்தில் ஏற்ற முயல்வதையும் கண்டு வண்டியை நிறுத்தினார். அவசர சேவைக்குத் தகவல் சென்றது அதன் பிறகுதான். ஆயினும் அடுத்த சில நாட்களில் அந்த மரணம் ஒரு விபத்துச் செய்தியாகவே கடந்து போனது.

அதை அவ்வாறு கடந்து போக விடாதவர்கள் பள்ளி மாணவிகள். நகரின் முதன்மையான அரசு உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களே நடத்தும் செய்தித்தாளில் எழுதிவந்த இரு மாணவிகளுக்கு ஓர் எளிய கேள்வி எழுந்தது. இறந்தவர் தங்கள் வயதுடைய பெண். அப்படியானால் அவர் ஏன் தங்கள் பள்ளியில் படிக்கவில்லை? அவர்கள் விசாரித்து எழுதிய செய்தி அதே ஆண்டு டிசம்பரில் வெளியானது. தெற்காசியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் கொத்தடிமைகளைப் போல வேலை வாங்கப்படுகிறார்களோ என்ற ஐயத்தை அது வெளிப்படையாக எழுப்பியது.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் அக்குடியிருப்பின் உரிமையாளரான லக்கிரெட்டி பாலி ரெட்டி கைது செய்யப்பட்டார். ஆந்திரப் பிரதேசத்தின் வெல்வடம் கிராமத்தைச் சேர்ந்த அவர், பெர்க்லி நகரில் 1,000க்கும் மேற்பட்ட வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த செல்வந்தர்; தென்னிந்திய உணவகம் ஒன்றையும் நடத்தியவர். சொந்த ஊரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் ஏழைக் குடும்பத்தினரை, அவர்களில் பலர் தலித்துகள், போலி ஆவணங்கள் மூலம் அமெரிக்காவுக்கு வரவழைத்ததாகவும், சிறுமிகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதாகவும் வழக்குத் தொடரப்பட்டது. 2001ஆம் ஆண்டு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 97 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதுடன், பாதிக்கப்பட்டோருக்கு 20 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கவும் உத்தரவிடப்பட்டது.

இவ்வழக்கு நடந்து முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இதற்கிடையே சுரண்டலையும் ஆட்கடத்தலையும் தடுப்பது குறித்துப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டங்களும் விதிகளும் வந்துள்ளன. அவற்றில் கலிஃபோர்னியாவின் சட்டம் குறிப்பிடத்தக்கது. இப்பாடங்கள் எதைக் கற்பிக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதைப் பார்க்கும்போது, பெர்க்லி மாணவிகள் கேட்ட கேள்வி இன்னும் முழுமையாகப் பதில் பெறவில்லை என்பது புலனாகிறது.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்டு, 2003ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பலெர்மோ ஒப்பந்த நெறிமுறை, இக்குற்றத்துக்கு உலகளாவிய வரையறையைத் தந்தது. அதன்படி, சுரண்டும் நோக்கத்துடன் ஒருவரை ஆள் சேர்ப்பதும், இடம் மாற்றுவதும், அடைக்கலம் தருவதும், அதற்காக வற்புறுத்தல், ஏமாற்று, அதிகாரத் துஷ்பிரயோகம் போன்ற வழிகளைக் கையாள்வதும் குற்றமாகும். 18 வயதுக்கு உட்பட்டவராயின், அத்தகைய வழிகள் கையாளப்பட்டதாக நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை. சுரண்டும் நோக்கத்துடன் அக்குழந்தையைச் சேர்த்துக்கொண்டதே போதுமானது. குழந்தை சம்மதித்தது என்ற வாதமும், பெற்றோர் சம்மதித்தனர் என்ற வாதமும் செல்லாது.

தமிழில் இதற்கு வழங்கும் சொல் ஆட்கடத்தல். இச்சொல் மூன்று வெவ்வேறு செயல்களைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. ஒரு குழந்தையைத் தெருவிலிருந்து தூக்கிச் செல்வதும் கடத்தல். பணம் பெற்றுக்கொண்டு ஒருவரை எல்லை தாண்டி அழைத்துச் செல்வதும் கடத்தல். ஒருவரைச் சுரண்டலுக்குள் சிக்க வைப்பதும் கடத்தல். சட்டத்தில் இவை தனித்தனிக் குற்றங்கள். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலங்கைத் தமிழர்கள் 492 பேருடன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையை அடைந்த ‘சன் சீ’ கப்பலைப் பற்றிய செய்திகளிலும் இதே ‘கடத்தல்’தான் பேசப்பட்டது. ஆனால் அங்கே பேசப்பட்டது அனுமதியின்றி எல்லை கடக்கச் செய்வது பற்றியே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பள்ளியிலிருந்து ‘ஆட்கடத்தல் தடுப்பு’ என்ற தலைப்பில் ஒரு துண்டறிக்கை வீட்டுக்கு வரும்போது, அதைப் படிக்கும் தமிழ்ப் பெற்றோரின் மனதில் தோன்றுவது ஒன்று பிள்ளை பிடிப்பவனின் வாகனம். அல்லது நடுக்கடலில் ஒரு கப்பல். இரண்டுமே தங்கள் வீட்டுக்குத் தொடர்பில்லாதவை என்று அவர்கள் அதை ஒதுக்கிவைத்துவிடக்கூடும். எல்லை கடப்பதே இக்குற்றத்துக்குத் தேவையில்லை. தன் சொந்த வீட்டில் உறங்கி, காலையில் பள்ளிக்கு வந்து, மாலையில் சுரண்டலுக்கு உள்ளாகும் குழந்தையும் சட்டத்தின் பார்வையில் ஆட்கடத்தலுக்கு உள்ளான குழந்தையே. துண்டறிக்கை எழுதுவோர் ‘சுரண்டல்’ என்ற சொல்லை முன்னால் வைப்பது நல்லது.

இக்குழப்பம் தமிழருக்கு மட்டும் உரியதும் அல்ல. 2020ஆம் ஆண்டு ஜூலையில், இணையத்தில் மரச்சாமான் விற்கும் ஒரு நிறுவனம் அலமாரிகளின் பெயரில் குழந்தைகளை விற்கிறது என்ற ஆதாரமற்ற வதந்தி அமெரிக்காவில் காட்டுத்தீ போலப் பரவியது. ஆட்கடத்தல் உதவித் தொலைபேசி நிலையத்துக்கு அது பற்றிய அழைப்புகள் குவிந்தன. உண்மையாகவே உதவி தேவைப்படுவோரின் அழைப்புகளுக்கு இது இடையூறாக இருப்பதாக, அப்போது அந்நிலையத்தை நடத்திய போலாரிஸ் அமைப்பு வெளிப்படையாக முறையிட வேண்டியதாயிற்று.

உண்மை நிலவரம் இதைக் காட்டிலும் கசப்பானது. புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு 2017ஆம் ஆண்டு வெளியிட்ட தரவுகளின்படி, குழந்தைகள் கடத்தப்பட்ட சம்பவங்களில் 41 விழுக்காட்டில் குடும்ப உறுப்பினர் அல்லது உறவினர் ஒருவருக்குப் பங்கு இருந்தது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர். அவர்களில் 33 லட்சம் பேர் குழந்தைகள். அறிமுகமில்லாதவரிடம் மிட்டாய் வாங்காதே என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் பாடம், அறிமுகமானவரிடமிருந்து வரும் ஆபத்தைக் கண்டுகொள்வதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் ஆட்கடத்தலுக்கு எதிரான தேசியச் சட்டம் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவேறியது. பெர்க்லி வழக்கு செய்தித்தாள்களில் இடம்பெற்றிருந்த அதே ஆண்டு அது. அச்சட்டமும் அடுத்தடுத்த திருத்தங்களும் தொடக்கத்தில் தண்டனை, பாதுகாப்பு ஆகியவற்றின் மீதே அதிகக் கவனம் செலுத்தின. பள்ளிகள் இதில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி பின்னரே முன்னுக்கு வந்தது. அமெரிக்கக் கல்வித் துறை, பள்ளிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்றை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2021ஆம் ஆண்டில் அதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டது.

கலிஃபோர்னியாவில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2017ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம், 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு, நடுநிலைப் பள்ளியில் ஒரு முறையும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையுமாவது இது குறித்துக் கற்பிக்கப்பட வேண்டும். ஆட்கடத்தல் எவ்வளவு பரவலாக உள்ளது, அதன் தன்மை என்ன, ஆபத்தைக் குறைத்துக்கொள்வது எப்படி, பிறருடனான உறவில் எல்லைகளை வகுத்துக்கொள்வது எப்படி, பாதுகாப்பாக உதவி கேட்பது எப்படி என்பன இடம்பெற வேண்டும். சமூக ஊடகங்களும் கைபேசிச் செயலிகளும் இதற்கு எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றன என்பதும் பாடத்தின் பகுதியாகும்.

2019ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃப்ளோரிடா மாநிலக் கல்வி வாரியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, வயதுக்கு ஏற்ற முறையில் இதைக் கற்பிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆட்கடத்தல் பற்றிச் சொல்வதா என்று திகைக்க வேண்டியதில்லை. அவ்வயதில் சொல்லித்தரக்கூடியவை எளியவை: உன் உடல் உன்னுடையது, பெரியவர் ஒருவர் ரகசியம் காக்கச் சொன்னால் அதை நம்பிக்கைக்குரிய இன்னொரு பெரியவரிடம் சொல்லலாம், அப்படிச் சொல்வது கோள் சொல்வது ஆகாது.

கலிஃபோர்னியச் சட்டத்தில் ஒரு குறை உண்டு. ஆட்கடத்தல் பாடம் பாலியல் நலக் கல்வியின் ஒரு பகுதியாக வைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு நடைமுறைக் காரணங்கள் இருக்கலாம். ஏற்கனவே இருக்கும் பாடவேளையில் சேர்ப்பது எளிது. ஆனால் இதன் விளைவாகப் பாலியல் சுரண்டல் முன்னிலை பெற, உழைப்புச் சுரண்டல் பின்னால் தள்ளப்படும் அபாயம் ஏற்படுகிறது. வீட்டு வேலை, உணவக வேலை, துப்புரவு வேலை ஆகியவற்றுக்காகச் சொந்த ஊரிலிருந்து அழைத்துவரப்பட்டு, சம்பளமும் கடவுச்சீட்டும் பறிக்கப்பட்ட நிலையில் இருக்கும் இளைஞர், தனக்கு நேர்வதும் இதே குற்றம்தான் என்று அந்தப் பாடவேளையில் உணர்ந்துகொள்வாரா என்பது ஐயமே. தெற்காசியச் சமூகங்களுக்கு இந்தப் பகுதி மிக முக்கியமானது. பெர்க்லியில் நடந்ததும் பாலியல் சுரண்டல் மட்டும் அல்ல.

எழுத்து மூலம் தெரிவித்து, பிள்ளையை இவ்வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. பாலியல் கல்வி வேண்டாம் என்று கருதும் பெற்றோர், தாம் அறியாமலேயே சுரண்டல் தடுப்புப் பாடத்திலிருந்தும் பிள்ளையை விலக்கிவிடுகின்றனர். இவ்விரண்டையும் ஒரே பாடவேளையில் வைத்ததன் மற்றொரு விளைவு இது.

வகுப்பறையில் என்ன சொல்லப்படுகிறது?

நல்ல பாடங்கள் அச்சுறுத்துவதில்லை. சங்கிலியால் கட்டப்பட்ட கைகள், இருட்டறையில் அழும் சிறுமி போன்ற படங்களைக் காட்டினால் மாணவர்கள் அதைத் தங்கள் வாழ்க்கையுடன் பொருத்திப் பார்ப்பதில்லை. மாறாக, நம்பிக்கை எவ்வாறு கட்டியெழுப்பப்பட்டு, பின்னர் எவ்வாறு ஆயுதமாக்கப்படுகிறது என்பதைப் படிப்படியாக விளக்குவதே பயன் தருவது.

அது பெரும்பாலும் ஒரு பாராட்டில் தொடங்குகிறது. இணைய விளையாட்டிலோ சமூக ஊடகத்திலோ அறிமுகமாகும் ஒருவர், அல்லது உறவினர் வழியாக அறிமுகமாகும் ஒருவர், வேறு எவரும் கேட்காத அக்கறையுடன் கேட்கிறார். வீட்டில் சண்டையா, பணக் கஷ்டமா, பள்ளியில் தனிமையா என்று அறிந்துகொள்கிறார். பரிசுகள் வருகின்றன. பிறகு நண்பர்களும் பெற்றோரும் உன்னைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்ற பேச்சு வருகிறது. சிறு ரகசியம் ஒன்று உருவாகிறது. ஒரு புகைப்படம், ஒரு பொய், ஒரு கடன். அந்த ரகசியமே பின்னர் மிரட்டலாகிறது. இதுவரை கொடுத்ததற்கெல்லாம் ஈடு கேட்கப்படுகிறது.

இவ்வரிசையை ஒரு முறை அறிந்த மாணவர், தமக்கு நேராவிட்டாலும் நண்பர் ஒருவருக்கு நேரும்போது அடையாளம் காணக்கூடும். துயரத்தில் இருக்கும் பதின்ம வயதினர் பலர் முதலில் பேசுவது பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அல்ல, தம் வயதுத் தோழரிடம். ஆகவே ‘உன் தோழி உன்னிடம் இதைச் சொன்னால் நீ என்ன செய்வாய்’ என்ற பகுதி இத்தகைய பாடத்தில் தவிர்க்க முடியாதது. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், நம்பகமான பெரியவர் ஒருவரிடம் சேர்ந்து செல்வதே பொதுவாகச் சொல்லப்படும் வழி.

ஆண் பிள்ளைகளுக்கும் இப்பாடம் சம அளவில் தேவை. பாதிக்கப்பட்ட சிறுவர்கள் வெளியே சொல்வது அரிது. தான் ஏமாந்ததாக ஒப்புக்கொள்வதை ஆண்மைக்கு இழுக்காகக் கருதும் வளர்ப்பு முறை, தமிழ்க் குடும்பங்களுக்கும் அன்னியமானதல்ல.

பாடத்துக்குப் பின் எழும் கையைப் பிடிப்பது யார்?

ஒரு வகுப்பு முடிந்து, மாணவி ஒருவர் ஆசிரியரிடம் தனியே வந்து பேசுகிறார் என்று கொள்வோம். அந்த நிமிடத்துக்கு ஆசிரியர் தயாராக இல்லாவிட்டால் பாடம் நடத்தாமல் இருந்திருப்பதே மேல் என்று சொல்லத் தோன்றும். கலிஃபோர்னியாவில் ஆசிரியர்கள், குழந்தை மீதான வன்கொடுமை குறித்து நியாயமான ஐயம் எழுந்தால் புகாரளிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். உடனடியாகத் தொலைபேசியில் தெரிவித்து, 36 மணி நேரத்துக்குள் எழுத்து மூலமும் அறிக்கை அளிக்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பது இக்கடமையை நிறைவேற்றியதாக ஆகாது.

அதன் பின் அக்குழந்தைக்கு என்ன நேரும் என்பதும் முக்கியம். முன்பெல்லாம் பாலியல் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட சிறுமிகளே குற்றவாளிகளாகக் கைது செய்யப்பட்டனர். இந்நிலையை மாற்றி, 18 வயதுக்கு உட்பட்டோரை அக்குற்றத்துக்காகக் கைது செய்யக்கூடாது என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ‘சொன்னால் என்னையே பிடித்துக்கொண்டு போவார்கள்’ என்பதே சுரண்டுவோர் குழந்தைகளின் காதில் ஓதும் முதல் மிரட்டல். அம்மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லாவிட்டால், சட்டம் இருந்தும் பயனில்லை.

வெளிநாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவருக்கு மற்றொரு அச்சமும் உண்டு: நாடு கடத்தப்படுவது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், கடுமையான ஆட்கடத்தலுக்கு உள்ளானோர் அமெரிக்காவில் தங்குவதற்கென ‘டி’ வகை விசாவை உருவாக்கியது. ஆண்டுக்கு 5,000 பேர் வரை அதைப் பெறலாம். பெரியவர்கள் பொதுவாகக் காவல்துறை விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும். சம்பவம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவருக்கு அந்த நிபந்தனை கிடையாது. குடிவரவு குறித்த அச்சம் மிகுந்திருக்கும் காலங்களில் இப்படியொரு ஏற்பாடு இருப்பதை நம்புவதே பலருக்குக் கடினமாகிவிடுகிறது என்பதும் மறுக்க முடியாதது.

பயன் தருகிறதா?

இப்பாடங்களை ஆதரிப்போரும் நேர்மையாக ஒப்புக்கொள்ளும் ஒரு பலவீனம் உண்டு. பெரும்பாலான மதிப்பீடுகள், பாடத்துக்கு முன்னும் பின்னும் மாணவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதையே அளக்கின்றன. பாடம் படித்ததால் சுரண்டலுக்கு உள்ளாவோரின் எண்ணிக்கை குறைந்ததா என்பது வேறு கேள்வி. அதை அளப்பது மிகவும் கடினம்.

அமெரிக்காவுக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1983ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கி நாடெங்கும் பரவிய ‘டேர்’ எனும் போதைப்பொருள் தடுப்புத் திட்டத்தில், காவல்துறை அதிகாரிகள் சீருடையுடன் வகுப்புக்கு வந்து மாணவர்களை எச்சரித்தனர். பெற்றோருக்கும் அரசியல்வாதிகளுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் மாணவர்களின் போதைப்பொருள் பழக்கத்தில் அது நீடித்த மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை என்று 1990களில் வெளியான ஆய்வுகள் அடுத்தடுத்துக் காட்டின. ஆண்டுக்கு ஒரு முறை கூட்டம் கூட்டி, காணொளி ஒன்றைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பும் ஆட்கடத்தல் பாடத்துக்கும் இதே கதி நேர வாய்ப்புள்ளது.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2019ஆம் ஆண்டு ஜனவரியில் கையெழுத்தான, ஃபிரெடரிக் டக்ளஸ் பெயரைத் தாங்கிய சட்டம் இதற்கு ஓரளவு மாற்று வழி காட்டுகிறது. 2020ஆம் ஆண்டு முதல் அதன் கீழ் கல்வி மாவட்டங்களுக்கு மானியம் வழங்கப்பட்டது. மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதோடு பள்ளி ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், ஐயம் எழுந்தால் யார் யாரை அழைக்க வேண்டும் என்ற நடைமுறையை முன்கூட்டியே வகுத்துவைப்பதும் அத்திட்டத்தின் அங்கங்கள். பாடப்புத்தகத்தைக் காட்டிலும் அந்த நடைமுறைப் பட்டியலே அதிகக் குழந்தைகளைக் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது.

பதிவேட்டில் இல்லாத பெயர்

மீண்டும் பெர்க்லிக்கே வருவோம். கலிஃபோர்னியாவில் 6 முதல் 18 வயது வரை கல்வி கட்டாயம். உரிய ஆவணங்கள் இல்லாமல் நாட்டில் வசிக்கும் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டிலேயே, ‘பிளைலர் எதிர் டோ’ என்ற வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அதாவது, அந்த இரு சகோதரிகளும் பள்ளியில் இருந்திருக்க வேண்டியவர்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளியும் கடமைப்பட்டிருந்தது. நடைமுறையில் அவர்கள் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. அனுப்பாதவரைக் கேட்கவும் எவரும் இல்லை.

பள்ளியில் சேர்ந்த குழந்தை ஒரு வாரம் வராவிட்டால் தொலைபேசி அழைப்பு வரும். தொடர்ந்தால் அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டுவார். ஒருபோதும் சேர்க்கப்படாத குழந்தைக்கு இவை எதுவும் நிகழ்வதில்லை, ஏனெனில் பதிவேட்டில் பெயரே இல்லை. வகுப்பறைப் பாடம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அது வகுப்பறையில் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே. அடிக்கடி இடம் மாறும் குழந்தைகள், வீட்டை விட்டு வெளியேறிய பதின்ம வயதினர், உறவினர் வீட்டில் ‘உதவிக்கு’ என்று தங்கவைக்கப்பட்டவர்கள் ஆகியோரே அதிக ஆபத்தில் இருப்பவர்கள். வகுப்பில் அடிக்கடி இல்லாதவர்களும் அவர்களே.

அந்த வீடுகளுக்கு அருகே இருந்தவர்கள், அந்த உணவகத்தில் சாப்பிட்டவர்கள், ஊர்க்காரர்கள் என்று அச்சிறுமிகளைப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. செல்வாக்கு மிக்க ஒருவரின் வீட்டு விவகாரம் என்று விலகி நிற்பது எளிதாக இருந்தது. வழக்கு வெளிவந்த பின், அப்பகுதியில் வாழ்ந்த தெற்காசியர்கள் சிலர் சேர்ந்து பாதிக்கப்பட்டோருக்கு ஆதரவாக ‘செயலில் இறங்கும் தெற்காசியர் கூட்டமைப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடைய ஓர் அமைப்பைத் தொடங்கினர்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதன் மறுபக்கம் நன்கு பழக்கமானது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்றாண்டு வேலைக்குப் பின் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம் பெண்கள் சேர்க்கப்பட்டனர். விடுதியை விட்டு வெளியே செல்லக் கட்டுப்பாடு, குறைந்த கூலி, இடையில் நின்றால் தொகை கைக்கு வராத நிலை ஆகியவற்றை நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அங்கும் கதவைத் திறந்தது வன்முறை அல்ல, வாக்குறுதி; கையெழுத்திட்டவர்கள் பெற்றோர். இந்தியாவின் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதுடன் நின்றுவிடுகிறது. ஆள் சேர்ப்போர் வீடு தேடி வருவதும் ஏறத்தாழ அந்த வயதுக்குப் பிறகுதான்.

கனடாவும் இங்கிலாந்தும்

புலம்பெயர் தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், பாடத்தைக் காட்டிலும் நடைமுறைக்கு முன்னுரிமை அளித்திருக்கிறது. பாலியல் ஆட்கடத்தலுக்கு எதிரான செயல்முறை ஒன்றை ஒவ்வொரு கல்விச் சபையும் வகுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு ஜூலையில் மாகாணக் கல்வி அமைச்சகம் ஆணையிட்டது. 2022ஆம் ஆண்டு ஜனவரி 31 அதற்கான இறுதி நாள். ஊழியர் பயிற்சி, ஐயம் எழும்போது செய்ய வேண்டியவை, பாதிக்கப்பட்ட மாணவர் மீண்டும் பள்ளிக்குத் திரும்பும்போது அளிக்க வேண்டிய ஆதரவு ஆகியவை அதில் அடங்கும். பெற்றோரையும் சமூகங்களையும் ஈடுபடுத்த வேண்டும் என்றும் அது சொல்கிறது. டொரண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் அந்தப் பணி தமிழிலும் நடக்க வேண்டியது. மேலே சொன்ன சொற்குழப்பம் அங்கேதான் தடையாக எழும்.

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் உறவுகள் பற்றிய கல்வி கட்டாயமாக்கப்பட்டு, சுரண்டலை அடையாளம் காண்பது அதில் சேர்க்கப்பட்டது. அங்கு நவீன அடிமைத்தனத்துக்கு உள்ளானதாகக் கருதப்படும் குழந்தைகளின் பெரிய பகுதியினர் பாலியல் தொழிலுக்காக அல்ல, போதைப்பொருள் கொண்டு செல்வது போன்ற குற்றச் செயல்களுக்காகப் பயன்படுத்தப்படுபவர்கள்; அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். புதிய காலணியும் விலையுயர்ந்த கைபேசியுமாக வரும் மகனிடம் அவை எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும் என்பது அங்குள்ள பெற்றோருக்குச் சொல்லப்படும் முதல் ஆலோசனைகளில் ஒன்று.

பெற்றோர் கேட்கக்கூடியவை

பிள்ளையின் பள்ளியில் இப்பாடம் உண்டா, எந்த வகுப்பில், யார் நடத்துகிறார்கள் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் பாடப் பொருட்களைப் பார்வையிடவும் கேட்கலாம். ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களுக்கும் அப்பாடம் சமமாகக் கிடைக்கச் செய்ய வேண்டியது பள்ளியின் பொறுப்பு. உழைப்புச் சுரண்டல் அதில் இடம்பெறுகிறதா என்று தனியே கேட்பதும் தகும்.

வீட்டில் பேசுவது இன்னும் கடினமானது. ‘குடும்ப மானம்’ என்ற ஒன்றே சுரண்டுவோரின் கையில் பெரிய ஆயுதம். புகைப்படத்தை அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல் பலிப்பது, அப்பா என்ன செய்வாரோ என்று பிள்ளை அஞ்சுவதால்தான். என்ன தவறு நேர்ந்திருந்தாலும் முதலில் என்னிடம் சொல், கோபம் பிறகு என்று ஒரு பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால், அந்த மிரட்டலின் வலு பெருமளவு குறைந்துவிடும்.

அமெரிக்காவில் தேசிய ஆட்கடத்தல் உதவித் தொலைபேசி நிலையம் 1-888-373-7888 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இயங்குகிறது. அழைப்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசத் தெரியாதவர்கள், தம் மொழியின் பெயரைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். ஒருவர் உடனடி ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 911 எண்ணையே முதலில் அழைக்க வேண்டும். பெர்க்லியில் 1999ஆம் ஆண்டு அந்த நவம்பர் நாளில், பெயர் தெரியாத அச்சிறுமிகளுக்காக முதலில் சென்றதும் அந்த அழைப்புதான்.